வலுவும் வேகமும் நிலத்தின் பிடியும்

மட்டக்களப்பு நகரிலிருந்து புறப்பட்டு ஏறாவூரைக் கடந்து செல்லும் பெருவீதி, செங்கலடியை அடைந்ததும் இரண்டாகப் பிரிகின்றது. நேரே செல்வது வந்தாறுமூலை, வாழைச்சேனை வழியாகத் திருகோணமலைக்கு ஏகும் வீதி. மேற்கே திரும்புவது கரடியனாறு, புல்லுமலை, மகாஓயா, பிபிலை, லுணுகலை, பசறை ஆகிய ஊர்களினூடாகப் பதுளைக்கு ஏறும் வீதி. இவ்விரு வீதிகளுக்கும் அப்பால், வாவியை நோக்கியும் காட்டை நோக்கியும், வயல்வட்டைகள் பரந்து கிடக்கின்றன. முதலாவது வீதி சமதரையில் ஓடுவது, இரண்டாவது மலையேறுவது, மூன்றாவதோ வீதியே அன்று, மாரி காலத்தில் முழங்கால் அளவு சேறு. ஆகவே செங்கலடிச் சந்தியிற் சிறிது நேரம் நின்று நோக்குபவர், மூவகை நிலத்துக்கு உரிய மூவகை வண்டிகளைக் காண்பர். விரைந்தோடும் பஸ் வண்டியும், சுமையேற்றிய லொறியும், பெட்டி பூட்டிய உழவு இயந்திரமும் அங்கே ஒன்றையொன்று கடந்து செல்கின்றன.

இவற்றுள் எது சிறந்த வண்டி என்று கேட்டால் விடை கூறுதல் எளிதன்று. வண்டி ஒன்றைப் பற்றி விசாரிக்குங்கால் மக்கள் முதலிற் கேட்பது, "எத்தனை குதிரைவலு?" என்பதையே. அடுத்துக் கேட்பது, "எவ்வளவு வேகம் ஓடும்?" என்பதை. மூன்றாவதாகக் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு. அதனைக் கேட்போர் சிலரே. "இதன் சில்லு எந்த நிலத்தைப் பற்றும்?" என்பதே அக்கேள்வி. நெற்செய்கையை நம்பிக் கடன்பட்டு வண்டி வாங்கும் குடும்பத்துக்கு, இக்கேள்வியைக் கேளாது விட்டமையால் வரும் இழப்பு சிறிதன்று. சில வேளைகளில் அவ்விழப்பு பொருளோடு நின்றுவிடுவதும் இல்லை.

வலு என்பது யாது? பாடநூல்கள் பரிவலு எனக் குறிப்பிடும் குதிரைவலு, ஸ்கொத்லாந்தைச் சேர்ந்த ஜேம்ஸ் வாற்று என்னும் பொறியியலாளர் வகுத்த அளவாகும். நீராவிப் பொறியை வாங்க வந்தோர், அது எத்தனை குதிரைகளுக்கு ஈடாகும் என்று கேட்டனர். அவர்களுக்கு விடையளிக்கும் பொருட்டு, 33,000 இறாத்தல் நிறையை ஒரு நிமிடத்தில் ஓர் அடி உயர்த்தும் வேலையை அவர் ஒரு குதிரைவலு எனக் கொண்டார். மெற்றிக்கு முறையில், 75 கிலோகிராம் நிறையை ஒரு செக்கனில் ஒரு மீற்றர் உயர்த்துவது ஒரு குதிரைவலு எனப்படும். இவ்விரு அளவுகளுக்கும் இடையில் உள்ள வேறுபாடு மிகச் சிறிது. நன்கு பழகிய ஓர் இணை எருது தொடர்ந்து வேலை செய்யும்போது ஏறத்தாழ ஒரு குதிரைவலுவையே தரும்.

இவ்வரைவிலக்கணத்தில் இரண்டு கூறுகள் அடங்கியுள்ளமையைக் கவனித்தல் வேண்டும். ஒன்று இழுக்கும் விசை, மற்றது வேகம். இவ்விரண்டின் பெருக்கமே வலு. ஆகவே, ஒரே வலுவைப் பெரிய விசையாகவும் சிறிய வேகமாகவும் செலவிடலாம். சிறிய விசையாகவும் பெரிய வேகமாகவும் செலவிடலாம். இரண்டையும் ஒருங்கே பெரிதாகப் பெறுதல் இயலாது.

சிறிய மோட்டார் சைக்கிள் ஒன்றின் இயந்திரம் 8 குதிரைவலு தருவதாகக் கொள்ளலாம். வயலில் நடந்தவாறே செலுத்தப்படும் இரு சில்லு உழவு இயந்திரங்களிற் சிறியவற்றின் வலுவும் ஏறத்தாழ அவ்வளவே. 8 குதிரைவலு என்பது செக்கனுக்கு 600 கிலோகிராம்-மீற்றர் வேலையாகும். மோட்டார் சைக்கிள் செக்கனுக்கு 20 மீற்றர், அதாவது மணிக்கு 72 கிலோமீற்றர் வேகத்தில் ஓடும்போது, அவ்வலு தரக்கூடிய தள்ளுவிசை 30 கிலோகிராம் மாத்திரமே. அதே வலு, செக்கனுக்கு ஒரு மீற்றர் என்னும் மனித நடை வேகத்தில் 600 கிலோகிராம் விசையாக மாறும். வலு ஒன்றே, ஒன்று பறக்கின்றது, மற்றது உழுகின்றது. இவ்வாறு வேகத்தைக் குறைத்து விசையைப் பெருக்குவதும், விசையைக் குறைத்து வேகத்தைப் பெருக்குவதும் கியர் பெட்டியின் தொழிலாகும். கியர் புதிய வலு எதனையும் உண்டாக்குவதில்லை. உள்ள வலுவைத் தேவைக்கேற்ப மாற்றித் தருகின்றது. ஒரு பணத்தாளைச் சில்லறையாக மாற்றுவது போன்றது அது.

இனி, பதுளை வீதியில் ஏறும் லொறியைக் கவனிப்போமாயின், வலுவின் உண்மையான தேவை எங்கே உள்ளது என்பது புலனாகும். செங்கலடி ஏறக்குறையக் கடல்மட்டத்தில் உள்ளது. பதுளை நகரோ ஏறத்தாழ 680 மீற்றர் உயரத்தில் அமைந்துள்ளது. வண்டியும் சுமையுமாக 10,000 கிலோகிராம் நிறையுள்ள லொறி, பதினைந்துக்கு ஒன்று என்னும் சாய்வில் மணிக்கு 20 கிலோமீற்றர் வேகத்தில் ஏறுவதாகக் கொள்ளலாம். பதினைந்து மீற்றர் முன்னே செல்ல ஒரு மீற்றர் மேலே எழவேண்டும். இந்த எழுச்சிக்கு மாத்திரம் ஏறத்தாழ 49 குதிரைவலு தேவை. ரயர் உருள்வதால் உண்டாகும் தடையையும் சேர்த்தால் அது 60 குதிரைவலு வரை செல்லும். அதே சாய்வில் 40 கிலோமீற்றர் வேகத்தில் ஏற விரும்பினால், தேவை 120 குதிரைவலுவாக இரட்டிக்கும். சில்லை அடையும் வலு 60 மாத்திரமாக இருப்பின், அந்த லொறி பதுளைக்குப் போகாமல் விடுவதில்லை, மெதுவாகப் போகும். மலைவீதியில் வலுக்குறைவு நேரத்தை விலையாகக் கேட்கின்றது, பயணத்தைத் தடுப்பதில்லை.

இறங்கும் வழியில் இக்கணக்கு தலைகீழாகின்றது. ஏறும்போது இயந்திரம் செலுத்திய வலு முழுவதையும், இறங்கும்போது யாதேனும் ஒன்று விழுங்கியாதல் வேண்டும். தடுப்புக் கட்டைகள் மாத்திரமே அதனை விழுங்கினால், அவை சூடேறிப் பிடியிழந்துவிடும். அதனாலேயே, ஏறிய கியரிலேயே இறங்குக என்று மூத்த சாரதிகள் இளையவர்க்குச் சொல்லி வைத்தனர். தாழ்ந்த கியரில் இயந்திரமே வண்டியைப் பிடித்து நிறுத்தும் தடையாகின்றது.

மலையேற்றத்தில் வலுவோடு பிடியும் வேண்டும் என்பதற்குப் புகையிரதம் நல்ல சான்றாகும். இரும்புத் தண்டவாளத்தில் இரும்புச் சில்லு மிக இலகுவாக உருள்கின்றது. ஒரு தொன் சுமையை உருட்டிச் செல்ல இரண்டு கிலோகிராம் அளவு விசையே போதும். ஆயினும், எளிதில் உருளும் அச்சில்லு எளிதில் வழுக்கவும் செய்யும். அதனாலே, கொழும்பிலிருந்து மலைநாட்டின் வழியாக 1924 ஆம் ஆண்டிற் பதுளையை அடைந்த புகையிரதப் பாதை, மிகச் செங்குத்தான இடங்களிலும் நாற்பத்துநான்குக்கு ஒன்று என்னும் சாய்வை மிஞ்சாதவாறு மலைகளைச் சுற்றிச் சுற்றி அமைக்கப்பட்டது. மட்டக்களப்பிலும் புகையிரத நிலையம் உண்டு, பதுளையிலும் உண்டு. இவ்விரண்டையும் நேரே இணைப்பது தண்டவாளம் அன்று. இறப்பர் ரயர் பற்றி ஏறக்கூடிய இந்தச் செங்கலடி வீதியே.

இப்பொழுது வீதியை விட்டு வயலில் இறங்கலாம். இங்கேதான் மூன்றாம் கேள்வி தன் முழு உருவையும் காட்டுகின்றது.

சில்லு நிலத்தைப் பின்னே தள்ளுகின்றது. நிலம் வண்டியை முன்னே தள்ளுகின்றது. நிலம் தாங்கக்கூடிய அளவுக்கு மேல் சில்லு தள்ளினால், வண்டி நகராது. சில்லு மாத்திரம் சுழலும். நிலம் தாங்கும் அளவு இரண்டு காரணங்களைப் பொறுத்தது. இயக்கும் சில்லின்மேல் இறங்கும் நிறை ஒன்று. நிலத்தின் தன்மை மற்றொன்று. உலர்ந்த தார்வீதியில், சில்லின்மேலுள்ள நிறையின் முக்காற் பங்கு விசையாகப் பெறலாம். உலர்ந்த வயல்மண்ணில் அது அரைப்பங்காகும். சேற்றிற் காற்பங்கு கிடைப்பதே அரிது.

45 குதிரைவலுவுள்ள நாற்சில்லு உழவு இயந்திரம் ஒன்று 1,800 கிலோகிராம் நிறையுடையது என்றும், அதில் 1,200 கிலோகிராம் பின்சில்லுகளில் இறங்குகின்றது என்றும் கொள்ளலாம். கியர்களின் உராய்வு போகச் சில்லை அடைவது 36 குதிரைவலு. செக்கனுக்கு ஒரு மீற்றர் வேகத்தில் அது 2,700 கிலோகிராம் விசைக்குச் சமம். ஆனால் உலர்ந்த மண் ஏற்றுக்கொள்வது 600 கிலோகிராம்; சேறு ஏற்றுக்கொள்வது 300 கிலோகிராம். அஃதாவது, இயந்திரம் தரக்கூடிய விசையில் ஒன்பதில் ஒரு பங்கையே சேற்றுநிலம் வாங்கிக்கொள்கின்றது. இந்நிலையில் 45 குதிரைவலுவை 90 ஆக்கினாலும், நிலம் வாங்கும் அளவு ஒரு கிலோகிராமேனும் கூடப்போவதில்லை. மேலதிக வலு குழிதோண்டுவதற்கே பயன்படும்.

இவ்வுண்மையை உலகம் பனிநிலத்திலும் கற்றுக்கொண்டது. 1908 ஆம் ஆண்டில் ஏனெஸ்ற் ஷக்கிள்ரன் தென்துருவப் பயணத்துக்காக ஆரல் ஜோன்ஸ்ரன் மோட்டார் வண்டி ஒன்றை அந்தாட்டிக்காவுக்குக் கொண்டுசென்றார். உறைந்த கடலின் கெட்டியான பரப்பில் அது ஓடியது. மென்பனியிலோ சில்லுகள் புதைந்து பயனற்றதாயிற்று. ஐம்பது ஆண்டுகளின் பின், 1958 ஆம் ஆண்டு சனவரி 4 ஆம் நாள், எட்மண்ட் ஹிலறி தென்துருவத்தை அடைந்தபோது அவரை ஏற்றிச் சென்றவை சாதாரணப் பேர்குசன் உழவு இயந்திரங்களே. அவற்றின் இயந்திரத்தை மாற்றி வலுவைக் கூட்டியமையால் அவை அங்கே சென்றடையவில்லை. சில்லுகளைச் சுற்றிச் சங்கிலிப் பட்டை பூட்டி, பனியின்மேல் நிறையைப் பரப்பியமையாலேயே சென்றடைந்தன.

மென்மையான நிலத்தை வெல்லும் வழிகளில் நிறையைப் பரப்புதல் முதன்மையானது. அறுபது கிலோகிராம் நிறையுள்ள மனிதர் இரு பாதங்களையும் ஊன்றி நிற்கையில், ஒரு சதுர சென்ரிமீற்றரில் ஏறத்தாழ ஆறில் ஒரு கிலோகிராம் நிறை இறங்கும். உழவு இயந்திரத்தின் ரயரின் கீழ் அது ஒரு கிலோகிராமை அண்மிக்கலாம். இன்று தை, மாசி மாதங்களில் வயல்களிற் காணப்படும் அறுவடை இயந்திரம் மூன்று தொன் நிறையுடையதாயினும், நீண்ட இறப்பர்ப் பட்டைகளின்மேல் ஊர்வதால், சதுர சென்ரிமீற்றருக்குக் காற்கிலோகிராம் அளவையே நிலத்தில் இறக்குகின்றது. மனிதர் நடக்கக்கூடிய ஈரவயலில் அப்பெரிய இயந்திரமும் நடமாடுவதன் காரணம் இதுவே. மணற்பாங்கான கரையோரப் பாதையில், ரயரின் காற்றைச் சிறிது குறைத்தால் வண்டி எளிதில் நகருவதும் இந்த விதியினாலேயே. காற்றுக் குறைந்த ரயர் அகன்று படிகின்றது. அகன்று படிவதால் ஆழப் புதையாது.

இயந்திரம் வருமுன் இவ்வயல்களை மிதித்த எருமை, இவ்விதியைத் தன் குளம்பில் வைத்திருந்தது. பிளவுபட்ட குளம்பு ஊன்றும்போது விரிந்து நிறையைப் பரப்புகின்றது. தூக்கும்போது சுருங்கிச் சேற்றின் பிடியிலிருந்து இலகுவில் விடுபடுகின்றது. வலுவிற் குறைந்த விலங்காயினும், சேற்றில் அது தோற்பதில்லை.

இரண்டாவது வழி, சேற்றின் கீழுள்ள கெட்டித் தரையைப் பற்றுதல். ஆண்டாண்டாகச் சேற்றுழவு செய்த வயலில், மென்சேற்றின் கீழ் இறுகிய படையொன்று உண்டாகியிருக்கும். நீரை வடியவிடாது காப்பதும் அதுவே. சில்லுக்குத் தாங்குதளமாவதும் அதுவே. இரும்புக் கம்பிகளாற் கூடுபோல அமைத்த சில்லைப் பூட்டும்போது, அதன் குறுக்குத் தகடுகள் துடுப்புப் போலச் சேற்றைத் தள்ளுவதோடு, இறுகிய படையையும் பற்றிக்கொள்கின்றன. சில்லு ஓரிடத்தில் நெடுநேரம் சுழன்று அப்படையை உடைத்துவிட்டால், அவ்விடம் உளையாகிப் பல போகங்களுக்குத் தொல்லை தரும். வலுமிக்க கனத்த இயந்திரத்தைத் தாங்காத வயலில் இறக்குவதனால், வண்டி மாத்திரமன்றி வயலும் கெடுகின்றது.

மூன்றாவது வழி மிகவும் நுட்பமானது: வலுவைச் சில்லின் வழியாகச் செலுத்தாது விடுதல். சாதாரணக் கலப்பையை இயந்திரம் இழுக்கவேண்டும். இழுப்பதற்குச் சில்லு நிலத்தைப் பற்றவேண்டும். சுழல்கத்திகள் பொருந்திய சுழற்கலப்பையோ, இயந்திரத்தின் பின்புறத்திலுள்ள சுழல்தண்டிலிருந்து நேரே வலுவைப் பெறுகின்றது. சில்லின் பிடி அதற்குப் பெரிதும் தேவையில்லை. கத்திகள் மண்ணை வெட்டிப் பின்னே எறிவதால், வண்டி சிறிது முன்னேயும் தள்ளப்படுகின்றது. சேற்று நிலத்தில் 45 குதிரைவலு பயன்படுவது இவ்வகையிலேயே. ஆதலின், அதிக வலு வீண் என்று கூறுதல் பொருந்தாது. அந்த வலு எவ்வழியாக மண்ணை அடையப்போகின்றது என்பதை அறியாமல் அதற்கு விலை கொடுத்தலே வீணாகும்.

நான்காவது வழியைக் கண்டவர் அயர்லாந்தைச் சேர்ந்த ஹரி பேர்குசன். கலப்பையை வண்டியின் பின்னே கயிறு கட்டியதுபோல் இழுத்துச் செல்லாமல், மூன்று புள்ளிகளில் வண்டியோடு ஒன்றாகப் பிணைத்தார் அவர். மண் கலப்பையைத் தடுக்குந்தோறும் அத்தடை பின்சில்லுகளை நிலத்தோடு அழுத்தியது. எங்கே இழுப்புக் கடினமோ அங்கே பிடியும் கூடியது. எனவே, கனத்த வண்டி செய்த வேலையை இலேசான வண்டி செய்ய முடிந்தது. 1946 முதல் 1956 வரை அவருடைய சிறிய சாம்பல்நிற இயந்திரம் ஐந்து இலட்சத்துக்கு மேல் உற்பத்தியாயிற்று. இன்று செங்கலடியில் ஓடும் நாற்சில்லு உழவு இயந்திரங்களின் பின்புறத்திலுள்ள மூன்று பிணைப்புகளும் அவ்வமைப்பின் வழித்தோன்றல்களே.

பிடியிழந்த வண்டியை மீட்பதில் உயிராபத்து உண்டு என்பதை அறிந்திருத்தல் இன்றியமையாதது. இரு பின்சில்லுகளுள் ஒன்று உளையிலும் மற்றது கெட்டித் தரையிலும் நிற்கும்போது, உளையிலுள்ள சில்லே சுழலும். கெட்டித் தரையிலுள்ளது அசையாது. வளைவுகளிற் சில்லுகள் வெவ்வேறு வேகத்தில் உருள்வதற்காக அச்சின் நடுவே அமைந்துள்ள பற்சில்லுத் தொகுதி, இரு சில்லுகளுக்கும் ஒரே அளவு விசையையே பங்கிடுகின்றது. வழுக்கும் சில்லு ஏற்கும் சிறிய அளவே மற்றச் சில்லுக்கும் கிடைக்கும். இதற்காகவே, இரு சில்லுகளையும் ஒன்றாகப் பூட்டும் மிதி உழவு இயந்திரங்களில் உண்டு. நேரே செல்லும்போது மாத்திரம் அதனை மிதித்தல் வேண்டும். திரும்பும்போது விட்டுவிடல் வேண்டும்.

அதுவும் பயன்படாதபோது, சிலர் பின்சில்லுகளுக்குக் குறுக்கே மரக்குற்றியைச் சங்கிலியாற் கட்டி, முன்னோக்கிச் செலுத்துவர். இது பெருங்கேடு விளைக்கும் செயல். இயந்திரம் அச்சைச் சுழற்ற முயல்கின்றது. சில்லு சுழல முடியாது பூட்டப்பட்டிருந்தால், அச்சைச் சுற்றி வண்டியின் உடலே எழும். தாழ்ந்த கியரில் விசை மிகப் பெரிதாகையால், முன்சில்லு மேலெழுந்து, கண்ணிமைக்கும் பொழுதில் வண்டி பின்புறமாகக் கவிழ்ந்து, செலுத்துபவரைத் தன் அடியிற் கொள்ளும். பாரத்தை இழுக்கும் சங்கிலியைப் பின்னச்சுக்கு மேலே உயரமான இடத்திற் கொளுவினாலும் இதுவே நேரும். புதைந்த வண்டியைப் பின்னோக்கிச் செலுத்திப் பார்த்தலும், சில்லின் முன்னுள்ள சேற்றை வெட்டியகற்றலும், மற்றொரு வண்டியால் மெதுவாக இழுப்பித்தலுமே தக்க முறைகள். ஒரு மணி நேரம் மண்வெட்டி பிடிப்பது உயிருக்கு விலையாகாது.

வயலிலிருந்து பெருவீதிக்கு ஏறியதும், உழவு இயந்திரம் வேறொரு குறையை வெளிப்படுத்துகின்றது. அங்கே இடர் தருவது நகர்தல் அன்று; நிற்றல். ஓடும் வண்டியினுள் அடங்கிய சக்தி, வேகத்தின் வர்க்கத்துக்கு ஏற்பப் பெருகும். வேகம் இரட்டித்தால், நிறுத்துவதற்குச் செய்யவேண்டிய வேலை நான்கு மடங்காகும். நிறுத்தும் விசையும் நிலத்தின் பிடியிலிருந்தே வருகின்றது. முன் குறித்த 1,800 கிலோகிராம் இயந்திரம் தனியே மணிக்கு 25 கிலோமீற்றர் வேகத்தில் ஓடி, உலர்ந்த வீதியில் தடுப்பை அழுத்தினால், ஏறத்தாழ ஐந்து மீற்றர் தூரத்தில் நிற்கலாம். அதன் பின்னே தடுப்பில்லாத பெட்டி ஒன்று நெல்மூடைகளோடு 4,000 கிலோகிராம் நிறையுடன் பூட்டப்பட்டிருந்தால், பருமட்டான கணக்கில் அத்தூரம் பதினாறு மீற்றராகும். சாரதி கண்டு உணர்ந்து காலை அழுத்தும் ஒரு செக்கனில் ஓடும் ஏழு மீற்றரையும் இதனோடு கூட்டவேண்டும். இவ்விருபத்துமூன்று மீற்றருக்குள் பாடசாலை விட்டு வரும் பிள்ளை ஒன்று வீதியைக் கடக்கலாம்.

அன்றியும், வயலிற் சட்டெனத் திரும்புவதற்காக இடச்சில்லுக்கும் வலச்சில்லுக்கும் தனித்தனித் தடுப்புமிதிகள் உழவு இயந்திரத்தில் உண்டு. வீதியில் ஏறுமுன் அவற்றை ஒன்றாகக் கொளுவாவிடில், அவசரத்தில் ஒன்றை மாத்திரம் மிதிக்க, வண்டி ஒருபுறம் இழுத்துப் பெட்டியோடு கவிழும். இருள் கவிந்த பின் பின்விளக்கு இல்லாது செல்லும் பெட்டி, தன் குறைந்த வேகத்தினாலேயே பிறர்க்குக் கேடாகின்றது. மணிக்கு 70 கிலோமீற்றர் வேகத்தில் வரும் வண்டிக்கு, 15 கிலோமீற்றர் வேகத்திற் செல்லும் பெட்டி ஏறக்குறைய நிற்கும் சுவரைப் போன்றதே.

கடைசியாகக் கூறவேண்டியது வெள்ளத்தைப் பற்றி. வடகீழ்ப் பருவமழை ஓங்கும் காலங்களில், மட்டக்களப்புப் பகுதியிற் சிறிய வண்டிகள் நின்றுவிட, உழவு இயந்திரமே மக்களை ஏற்றிச் செல்கின்றது. 2011 ஆம் ஆண்டு சனவரியில் இம்மாவட்டம் பெருவெள்ளத்தில் ஆழ்ந்தபோதும் அவ்வாறே நிகழ்ந்தது. உயர்ந்த அச்சும் பெரிய சில்லும் கொண்ட இயந்திரம் நின்ற நீரை எளிதிற் கடக்கும். இந்த அனுபவம் உண்டாக்கும் நம்பிக்கை, ஓடும் நீரைக் கண்டபோதும் நிலைத்துவிடுதல் ஆபத்தாகும்.

நீரில் அமிழ்ந்த பொருளை நீர் தாங்குகின்றது. இரண்டரை மீற்றர் நீளமும் ஒன்றேமுக்கால் மீற்றர் அகலமும் உள்ள பெட்டியின் அடித்தளத்துக்கு மேல் நீர் பத்துச் சென்ரிமீற்றர் ஏறினால், உள்ளே நீர் புகும்வரை ஏறத்தாழ 440 கிலோகிராம் நிறையை அது தாங்கிவிடும். முப்பது சென்ரிமீற்றர் ஏறினால் 1,300 கிலோகிராம். நீர் தாங்கிய நிறை நிலத்தில் இறங்குவதில்லை. நிலத்தில் இறங்காத நிறைக்குப் பிடியும் இல்லை. நெல்மூடை ஏற்றிய பெட்டி தாக்குப்பிடிக்கும் இடத்தில், சில பிள்ளைகளை ஏற்றிய இலேசான பெட்டி மிதந்துவிடும். நீரோட்டம் பக்கவாட்டில் தள்ளும் விசையும் அதன் வேகத்தின் வர்க்கத்துக்கு ஏற்பக் கூடும். முன்னேயுள்ள இயந்திரத்தின் 45 குதிரைவலுவினால் இங்கே செய்யக்கூடியது ஒன்றும் இல்லை. வலு இழுப்பதற்கு உரியது, நிலத்தோடு ஒட்டியிருப்பதற்கு உரியது அன்று.

2024 ஆம் ஆண்டு நவம்பர் 26 ஆம் நாள், அம்பாறை மாவட்டத்திற் காரைதீவுக்கு அண்மையிலுள்ள மாவடிப்பள்ளியில், வெள்ளம் குறுக்கறுத்த வீதியிற் சென்ற உழவு இயந்திரம் பெட்டியோடு அடித்துச் செல்லப்பட்டது. வீடு திரும்பிக்கொண்டிருந்த மத்ரஸா மாணவர்கள் உட்படப் பலர் அதில் உயிரிழந்தனர். கிழக்கு மாகாணம் எளிதில் மறக்கவியலாத துயரம் அது. வீதியை ஊடறுத்து நீர் ஓடும்போது, எவ்வளவு உயர்ந்த வண்டியாயினும் கரையில் நிற்பதே அறிவு. நீரின் ஆழத்தை மதிப்பிடலாம். அதன் வேகத்தையும், கீழே வீதி அரித்துப் போயிற்றா என்பதையும் சாரதியின் இருக்கையிலிருந்து எவராலும் மதிப்பிட இயலாது.

இவற்றையெல்லாம் தொகுத்து நோக்குமிடத்து, வண்டியின் பயன்பாடு என்பது அதனோடு பிறந்த தனிக்குணம் அன்று என்பது தெளிவாகும். வலு, வேகம், பிடி ஆகிய மூன்றனுள் எது மிகக் குறைந்து நிற்கின்றதோ அதுவே வண்டியின் எல்லையை வகுக்கின்றது. அந்த எல்லை நிலத்துக்கு நிலம் மாறுகின்றது. பதுளை ஏற்றத்தில் எல்லையை வகுப்பது வலு. பெருவீதியில் எல்லையை வகுப்பது, நிறுத்தக்கூடிய வேகம். வயலிலும் வெள்ளத்திலும் எல்லையை வகுப்பது பிடி.

எனவே, செங்கலடியைச் சூழ்ந்த வட்டைகளில் வயல் செய்யும் ஒருவர் வண்டி வாங்கப் புறப்படுமுன், விற்பவரிடம் கேட்கும் கேள்விகளைத் தம்மிடமே முதலிற் கேட்டுக்கொள்ளுதல் நன்று. தம் வயலிற் சேறு எவ்வளவு ஆழம்? கெட்டித் தரை எங்கே தட்டுப்படுகின்றது? வரம்புகளுக்கு இடையே திரும்ப இடம் உண்டா? ஆண்டில் எத்தனை நாள் உழவு, எத்தனை நாள் வீதியிற் சுமையேற்றம்? ஆழ்ந்த சேறும் சிறிய வரவைகளும் உடையவருக்கு, கூட்டுச்சில்லுப் பூட்டிய இலேசான இரு சில்லு இயந்திரம் போதியதாகலாம். புழுதி விதைப்புக்கு உலர்ந்த நிலத்தைப் பரந்த அளவில் உழுபவருக்கும், பிறர் வயலுக்குக் கூலிக்கு உழுபவருக்கும், சுழற்கலப்பையோடு கூடிய நாற்சில்லு இயந்திரம் பொருந்தும். ஐப்பசி மழை இறுகுமுன் விதைத்து முடிக்கவேண்டிய நாட்கள் சிலவே. அந்நாட்களில் வரம்போரத்திற் புதைந்து நிற்கும் பெரிய இயந்திரத்திலும், நில்லாமல் நடக்கும் சிறிய இயந்திரமே அவ்வீட்டுக்கு நெல்லைக் கொண்டுவந்து சேர்க்கும்.